நொச்சி வரைக்கும் நிலம்

இன்று காலை என் டம்ளரில் பால் ஆறிவிட்டது. செய்தித்தாளில் ஒரு தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன். அது முடிவதற்குள் எந்தப் பாலும் ஆறிவிடும். நிமிர்ந்து பார்த்தால் மேலே ஆடை கட்டியிருந்தது. மெல்லிய, சுருக்கம் விழுந்த ஆடை. கரண்டியை எடுத்து அதன் மேல் படுக்க வைத்தேன். தாங்கியது. மூன்று எண்ணும் வரை தாங்கியது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, சத்தமில்லாமல் உள்ளே போனது.

சமையலறையிலிருந்து என் மனைவி பார்த்துவிட்டாள். "குடிக்கறதுன்னா குடிங்க, இல்லீன்னா குடுத்துடுங்க. பால வெச்சுக்கிட்டு என்ன ஆராய்ச்சி?" என்றாள். கொடுத்துவிட்டேன். ஏழு வருடமாக நான் ஆடை கட்டிய பாலைக் குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொல்லி வைப்பவை பொதுவாக நம்பப்படுகின்றன. என் தொழில் அப்படி.

ஆடை என்ற சொல்லை எனக்கு அந்தப் பொருளில் தந்தவர் நீங்கள். தொப்பூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில், தார் முடிந்து தூசி தொடங்கும் இடத்தில் நம் ஜல்லிக் குவாரி. ஒரு குழி, ஒரு கிரஷர், எம்-சாண்ட் கழுவ ஒரு யூனிட், தகரம் போட்ட என் அலுவலகம், உங்கள் மோட்டார் ரூம். நான் கடிதமும் அறிக்கையும் எழுதுகிறவன், எல்லோருக்கும் 'ரைட்டர்'. மேஜை டிராயரில் நாவல்களை ஒளித்து வைத்துப் படிக்கிறவன் என்பதால் அந்தப் பெயரில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது. நீங்கள் கழிவுநீருக்குப் பொறுப்பு. கிரஷர் ஆட்கள் உங்களைக் 'குட்டை மணியம்' என்றார்கள். நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் கடைசி வரைக்கும் ஒருவரை ஒருவர் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

மணல் கழுவிய தண்ணீர் முதலில் ஒரு குட்டைக்குப் போகும். அங்கே கனமான துகள் தங்கும். அடுத்த குட்டையில் அதைவிட நைசான மண் தங்கும். மூன்றாவது குட்டை உண்மையில் குட்டையே அல்ல, கல் எடுத்துத் தீர்ந்த பழைய குழி. மாவு போன்ற கல்தூள் பால் நிறத் தண்ணீராக அங்கே போய்ச் சேரும். மேலே தெளியும் தண்ணீரை மோட்டார் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் சேறு ஏறி ஏறிக் குழி நிரம்ப வேண்டும். காய்ந்த பிறகு, ஆரம்பத்தில் வழித்துக் குவித்து வைத்த மேல்மண்ணைப் பரப்பி, மரம் நட்டு, பழையபடி மேய்ச்சல் நிலமாக்கித் தர வேண்டும். இதுதான் அரசு ஏற்றுக்கொண்ட திட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் இந்தத் திட்டத்தைத் தாளில் நிறைவேற்றினேன். நீங்கள் தினமும் சேற்றில் நிறைவேற்றினீர்கள். இரண்டில் எது வேகமாக நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

என் அறிக்கைகளில் ஒரு மரமும் செத்ததில்லை. குவாரி வளாகத்தைவிட்டு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறவில்லை என்று எழுதுவேன். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அது உண்மை. மழைக்காலத்தைப் பற்றிப் படிவத்தில் கேள்வி கிடையாது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்பது என் கொள்கையாக இருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மோட்டார் ரூம் நிழலில் உட்காருவோம். "ரைட்டரே, இந்த ஆறு மாசத்துல நான் என்னென்ன வேல செஞ்சன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்பீர்கள். நான் செய்தி வாசிப்பவர் குரலில் படிப்பேன்.

"குவாரியைச் சுற்றிலும் பசுமை வளையம் செழிப்பாகப் பராமரிக்கப்படுகிறது."

"எத்தன மரமுங்க?"

"எண்ணிக்கை போடலீங்க. செழிப்புன்னு போட்டிருக்கேன்."

"வேலியோரம் ரெண்டு வேம்பு இருக்குது. அதுல ஒண்ணு நம்முது இல்ல, பக்கத்துக் காட்டுக்காரருது."

"நிழல் நம்ம பக்கம் விழுவுதுங்களே."

நீங்கள் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முறை சொன்னீர்கள்: "நீங்க எழுதிப் படிச்சா, நாங்கூட நம்பிடுவனாட்டம் இருக்குது." அன்று அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

உங்களிடம் ஒரு மூங்கில் கோல் இருந்தது. உங்கள் உயரத்துக்கு ஒரு சாண் மேல். அடியிலிருந்து சாணுக்குச் சாண் கத்தியால் வெட்டி அடையாளம் போட்டிருந்தீர்கள். வாரம் ஒரு முறை குழிக்கரையில் நின்று, சேற்றின் மேல் கோலை நிறுத்தி, இரண்டு கையாலும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துவீர்கள். எத்தனை வெட்டு உள்ளே போகிறதோ அத்தனை எண்ணுவீர்கள். அந்த நேரம் மட்டும் உங்கள் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும்.

"ஒகட்டின்னா நிலம். ரெண்டுன்னா யோசன. மூடுன்னா தண்ணி."

"அதத் தமிழ்ல எண்ணுனா என்னங்க?"

"தமிழ்ல எண்ணுனா உங்க ரிப்போர்ட்டு ஞாவகம் வருது, ரைட்டரே. சேறு தன்னால கெட்டியாயிடுது."

ஒரு வெட்டோடு கோல் நின்றுவிட்டால், அந்த இடத்தில் ஒரு நொச்சிக் குச்சியை ஒடித்து நடுவீர்கள். நொச்சிக்குப் பக்குவம் தேவையில்லை, எதிலும் வேர் பிடிக்கும். ஆடு மாடு வாய் வைக்காது. கரையோரம் தொடங்கிய நொச்சி வரிசை, வருடத்துக்குச் சில அடி உள்ளே நகர்ந்தது. கோணல் மாணலாக, உள்ளே குழைந்தும் வெளியே வளைந்தும் போன வரிசை. அதுதான் அந்தக் குழியின் எல்லைக்கல். எழுதப்படாத ஒரே உண்மையான அறிக்கையும் அதுதான்.

குவாரிக்குக் கீழ்ப்பக்கம் மாடு மேய்க்கும் ஆத்தாவுக்கு நீங்கள் அதைச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"யே ஆத்தா, நொச்சி தாண்டி மாட்ட வுடாத. நொச்சி வரைக்கும் நிலம். அந்தாண்ட தண்ணி."

"தண்ணி எங்க சாமி கெடக்குது? வெள்ளையா சிமெண்டுத் தரையாட்டம் இருக்குது."

"அது ஆடை, ஆத்தா. பால் மேல கட்டுமில்ல, அது. ஈ உக்காரலாம். உம்மாடு உக்கார முடியாது."

"எம்மாடு எதுக்கு அங்க போயி உக்காருது? அதுக்கு வேற வேல இல்லியா?" என்று ஆத்தா மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். ஆனால் அன்றிலிருந்து அவர் மாடுகள் நொச்சியைத் தாண்டியதில்லை. நம் குவாரியில் எல்லோரும் கடைப்பிடித்த ஒரே விதி அது. எந்தத் தாளிலும் இல்லாத விதி.

பங்குனி பிறந்தபோது உங்களுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் கோலை என் அலுவலகத்தில் கொண்டுவந்து சுவரில் சாய்த்தீர்கள்.

"நான் வர்ற வரைக்கும் குட்ட உங்க பொறுப்பு. வாரம் ஒருக்கா பாருங்க. ஒகட்டி நின்னா ஒரு குச்சி நடுங்க. சந்தேகம்னா நடாதீங்க."

முதல் வாரம் போனேன். கரையோரம் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது, கை கொப்பளித்தது. இரண்டாம் வாரம் ஒரு நாவல் முடியும் தறுவாயில் இருந்தது. மூன்றாம் வாரம் கோலின் மேல் என் துண்டைக் காயப்போட்டேன்.

நான்காம் வாரம், ஒரு ஆய்வுக்குழு மறுநாள் வருவதாகப் போன் வந்தது. நம் முதலாளி கெட்டவர் அல்ல. எதையும் செய்வதற்கு முன்னால் போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். என் முந்தைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "ரைட்டரே, பழைய குழியில முக்கால்வாசிக்குச் செடி வெச்சாச்சுன்னு நீங்களே எழுதிருக்கீங்க. கரையில நின்னு பாத்தா கால்வாசிகூட இல்லியே?" என்றார். நியாயமான கேள்வி. எழுதியதற்கும் இருப்பதற்கும் வேறுபாடு வந்தால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். அறிக்கையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அது நல்ல அறிக்கை.

நாற்றுப் பண்ணையில் கேட்டோம். ஒரே நாளில் அத்தனை கன்று இல்லை. நொச்சி யோசனை என்னுடையது. ஓடையோரம் வேண்டிய மட்டும் இருந்தது. கிரஷரில் வேலை செய்த இருவர் சென்ட்ரிங் பலகைகளை ஆடையின் மேல் பரப்பி, பலகை மேல் குப்புறப் படுத்து, குழியின் நடு வரைக்கும் நட்டார்கள். நான் கரையில் நின்று நூல் பிடித்துக் கொடுத்தேன். வரிசை நேராக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை பிடுங்கி நடச் சொன்னேன். அவர்களில் ஒருவர், "சார், கீழ கொழகொழங்குது" என்றார். "பலகையிலேர்ந்து எறங்காதீங்க" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

வந்தவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது. இலையோடு நட்ட நொச்சி இரண்டு நாள் வாடாது.

அடுத்த நாள் காலை நீங்கள் வந்தீர்கள். தீர்த்தமலையில் வேண்டுதலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தீர்கள். மொட்டைத் தலை, சந்தனம், கையில் ஒரு பாட்டில் தீர்த்தம். முதலாளி மோட்டார் ரூம் முன்னால் நின்று ஆய்வு நல்லபடி முடிந்த கதையை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் பாட்டிலை என்னிடம் நீட்டினீர்கள்.

"இந்தாங்க ரைட்டரே. நம்ம மூணு குட்டைக்கும் மேல நாலாங்குட்ட ஒண்ணு இருந்தா தண்ணி இப்புடித்தான் வரும்."

பிறகு குழிப்பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். தோள் குலுங்கியது.

"என்னங்க இது, நூல் புடிச்சு நட்டீங்களா? பள்ளிக்கூடத்துப் பிரேயராட்டம் நிக்குது." சிரிப்பு நின்றதும் புருவத்தின் மேல் கையை வைத்து நடுப்பகுதியைப் பார்த்தீர்கள். "ஒரு மாச வெயிலுக்கு நடு வரைக்குமா காஞ்சுடுச்சு? கோல் வெச்சுப் பாத்தீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"பாத்தாச்சு" என்றேன்.

"பரவால்லியே" என்றீர்கள். "நானில்லாமயே வேல நடக்குது."

முதலாளி போன பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இதை என் தரப்பு வாதமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன். அவருக்கு ஒரு போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே காருக்கு நடந்தார். நான் பாட்டிலை அலுவலகத்தில் வைக்கப் போனேன். டிராயரைத் திறந்தேன். வெளியே ஆத்தாவின் குரல் கேட்டது.

அவருடைய கெடாரி, பால் மறந்த இளங்கன்று, நூல் பிடித்த வரிசைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. வயிறு வரைக்கும் சேற்றில். நான் வெளியே வந்தபோது நீங்கள் ஏற்கெனவே குழிக்குள் ஓடிக்கொண்டிருந்தீர்கள், கையில் கயிறோடு. பதற்றமாக ஓடவில்லை. செடிக்குச் செடி கால் வைத்து ஓடினீர்கள். அதுதான் என் கண்ணைவிட்டுப் போகவில்லை: நீங்கள் என் நொச்சிகளை ஒவ்வொன்றாக நம்பிக்கொண்டே போனது. நான் உங்களைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது.

கெடாரியின் கழுத்தில் கயிறு போட்டு, மறுமுனையைக் கரைக்கு வீசினீர்கள். கிரஷர் ஆட்கள் பிடித்து இழுத்தார்கள். அது திமிறி மேலே ஏறிய வேகத்தில் சுற்றியிருந்த ஆடை முழுவதும் பிளந்தது. அதற்குப் பிறகு பலகை போட்டோம், கயிறு வீசினோம், ஜே.சி.பி. வந்தது. கல்மாவுச் சேறு விடாது. நெஞ்சு வரைக்கும் போனதும் மூச்சை இறுக்கிவிடும். நீங்கள் கத்தவில்லை. கரையில் நின்ற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ கணக்கு இடிக்கிறதே என்பதுபோலப் பார்த்தீர்கள்.

ஆத்தா மண்ணில் உட்கார்ந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "நொச்சி இருந்துச்சே சாமி. நொச்சி இருந்துச்சே."

விசாரணைக்கு வந்தவர் என்னிடம், "அந்தம்மா என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

"பாவம், அதிர்ச்சியில இருக்காங்க" என்றேன்.

விபத்து அறிக்கையையும் நான்தான் எழுதினேன். வேறு யாருக்கு எழுத வரும்? 'பணியாளர், எச்சரிக்கையை மீறி, ஈரப்பகுதிக்குள் தன்னிச்சையாக நுழைந்ததே விபத்துக்குக் காரணமாகும்.' பிழையில்லாத வாக்கியம். எச்சரிக்கைப் பலகையின் போட்டோவும் இணைக்கப்பட்டது. பலகை விபத்துக்கு மறுநாள் வைக்கப்பட்டது. போட்டோவில் அது தெரியாது. உங்கள் குடும்பத்துக்கு முதலாளி கொடுக்க வேண்டியதைக் குறைவில்லாமல் கொடுத்தார். எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். நானும் ஒரு வார்த்தை சேர்த்துப் புகழ்ந்தேன்.

பிறகு என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை, நான் எடுக்கவிடவில்லை. காலையில் மோட்டார் ரூம், மாலையில் அலுவலகம். மழைத் தண்ணீர் குழிக்குள் வராமல் மேல்பக்கம் வாய்க்கால் வெட்டினேன். இரண்டாம் குட்டையைத் தூர் வாரினேன். ஊருக்குள் சேற்றுத் தண்ணீர் போன ஐப்பசியில், 'போனது' என்று அறிக்கையில் எழுதினேன். ஒரு விளக்கக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன், வானம் இடிந்து விழவில்லை. நீங்கள் இருந்தபோதே நான் இதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

ஆனால் ஒரு சொல் என்னிடம் செத்துவிட்டது. "கேஸ மூடியாச்சான்னு பாத்தாச்சா?" என்று மனைவி கேட்பாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பார்ப்பேன். கதவு, மோட்டார், தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் அப்படியே. "ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்பாள். தெருவில் யார் வீட்டு முன்னாலாவது புதிதாக ஒரு செடி நட்டிருந்தால், என் கால் தானாக நின்றுவிடுகிறது. சுற்றிக்கொண்டு போகிறேன். வாக்கிங் வருகிற நண்பர்கள் எனக்குச் செடிகள் மேல் அன்பு என்று நினைக்கிறார்கள்.

அந்தக் கெடாரி பிழைத்துக்கொண்டது. இப்போது நல்ல கறவை. நம் குவாரி டீக்கு அதன் பால்தான் வருகிறது. இதைக் கதையில் எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள், நானே அடித்துவிடுவேன்.

இப்போது குவாரியை மூடுகிறார்கள். குத்தகை முடிந்துவிட்டது, கல்லும் தீர்ந்துவிட்டது. இறுதி அறிக்கைப் படிவம் போன வாரம் என் மேஜைக்கு வந்தது. பழைய குழி நிலமாகிவிட்டதா என்று ஒரு கேள்வி. 'பணிக்காலத்தில் நேர்ந்த விபத்துகளும் காரணங்களும்' என்று இன்னொன்று. அதற்கு இரண்டு வரி இடம். பழைய வாக்கியம் அதில் கச்சிதமாகப் பொருந்தும். பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எழுத வராதது எனக்குப் புதிய அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார்; அன்று விடுமுறை என்பதால் வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணா, இப்பத்தான் வூடு தெரிஞ்சுதா?" என்று உள்ளே கூப்பிட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். கோலில் துண்டு காயப்போட்டதிலிருந்து எல்லாவற்றையும், நீங்கள் கேட்டது வரைக்கும்.

"கேட்டாருங்களா?" என்றார்.

"கேட்டாரும்மா."

"என்னன்னு கேட்டாரு? அவுரு சொன்னாப்புலயே சொல்லுங்க."

"நடு வரைக்குமா காஞ்சுடுச்சு, கோல் வெச்சுப் பாத்தீங்களான்னு."

"நீங்க?"

"பாத்தாச்சுன்னேன்."

அவர் சுவரில் இருந்த உங்கள் போட்டோவைப் பார்த்தார். வாசலில் ஒரு கோழி புளியை மிதித்தது. அதை விரட்டக்கூட எழவில்லை.

"மாட்டுக்காவப் போயி உசுர வுட்டான், புத்தி கெட்டவன்னு ஊரே சொல்லுச்சுங்க" என்றார் கடைசியில். "நானும் ஏழு வருசமா தெனம் காலையில இவர வையறன். ஆப்ரேசன் பண்ண வயித்தோட, ஒரு நிமிசம் யோசிக்காம ஓடுனியேன்னு." குரல் உயரவில்லை. "அப்ப யோசிக்காமப் போவல. கேட்டுட்டுத்தான் போயிருக்காரு."

"ஆமாம்மா."

"அத எழுதிக் குடுங்க. எம்பொண்ணு படிக்கட்டும். எங்கப்பன் கேட்டுட்டுத்தான் போனாருன்னு அவ படிக்கட்டும்." எழுந்து, போட்டோவின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. "குடுத்துட்டு, அப்பறம் இங்க வராதீங்க."

எழுதினேன். இரண்டு வரியில் அடங்கவில்லை; தனித்தாள். அலங்காரம் எதுவும் இல்லை. யார் நட்டது, யார் நடச் சொன்னது, யார் கேட்டது, யார் என்ன பதில் சொன்னது, ஆத்தா சொன்னது என்ன, எச்சரிக்கைப் பலகை எப்போது வைக்கப்பட்டது. முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ரைட்டரே, மூடற நேரத்துல? உங்க தலைக்கு நீங்களே கல்லத் தூக்கிப் போட்டுக்கறீங்க. எந்தலைக்குஞ் சேத்து."

"ஆமாங்க."

"சரி, இத அப்பறம் பேசலாம். குழி நிலமாயிடுச்சுன்னாவது போட்டீங்களா?"

"இன்னும் பாக்கலீங்க."

"ஏழு வருசமாச்சு! மேல மண்ணக் கொட்டிடலாம். நிலம்னு ஒரு வார்த்த போட்டா முடிஞ்சுது."

"பாத்துட்டுப் போடறனுங்க."

அந்தத் தாளை அவர் எடுத்துவிட்டு அனுப்பலாம். அதனால் கையெழுத்திட்ட ஒரு நகலை நேராக அரசு அலுவலகத்துக்கும், இன்னொன்றை உங்கள் மகள் பெயருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஏதாவது வரும். கடிதமாகவோ ஆளாகவோ வரும். உங்கள் தீர்த்த பாட்டில் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது. அடியில் ஒரு தூசிகூடத் தங்கவில்லை. நாலாங்குட்டைதான் அது.

இன்று காலை, பாலைக் கொடுத்துவிட்டு, உங்கள் கோலை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை டிப்பரின் பின்னால் கட்டச் சொன்னேன். பலகை போட்டு, பலகை மேலேயே நகர்ந்தேன். எதிரே வத்தல்மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அன்று ஜே.சி.பி. மிதிக்காமல் விட்ட என் நொச்சிகள் எல்லாம் வேர் பிடித்து, கிளைவிட்டு, என் தோள் உயரத்துக்கு நிற்கின்றன. இப்போதும் நேர் வரிசை. பொய் நன்றாக வளர்கிறது.

கரையிலிருந்து தொடங்கி அடிக்கு அடி கோலை நிறுத்தி உடம்பு எடையைக் கொடுத்தேன். எண்ணும்போது எனக்கும் தெலுங்குதான் வந்தது. ஒகட்டி. ஒகட்டி. ஒகட்டி. நன்றாகவே காய்ந்திருந்தது. பாதிக்கு மேல் போனபோது, அன்று கெடாரி நின்ற இடத்துக்குச் சற்று முன்னால், கோல் முதல் வெட்டில் நிற்கவில்லை. மெதுவாக, ஒருவர் கீழேயிருந்து கையைப் பிடித்து இழுப்பதுபோல இறங்கியது. ரெண்டு. அங்கே நின்றது.

வரிசைக்கு வரிசை அப்படியே கோல் வைத்துப் பார்த்து, ஒகட்டியில் நிற்காத இடத்துக்கு அந்தாண்டை இருந்த நொச்சிகளைப் பலகையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வேர்கள் வெள்ளையாக, ஈரமாக வந்தன. கை எரிந்தது. மதியம் ஆகிவிட்டது. கடைசிச் செடியையும் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மிச்சம் இருந்த எல்லை கோணல் மாணலாக, உள்ளே குழைந்து, வெளியே வளைந்து போனது. உங்கள் வரிசைபோல இருந்தது.

கரையில் ஆத்தா மாட்டோடு நின்றுகொண்டிருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை இப்போது. கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"யாரு சாமி அது, குழிக்குள்ள? எது வரைக்கும் மாட்ட வுடலாம்?"

"நொச்சி வரைக்கும், ஆத்தா."

அவர் மாட்டின் கயிற்றை விடவில்லை.

"போன தடவையும் நொச்சிதான் இருந்துச்சு. பாத்தீங்களா?"

கோலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். அடியிலிருந்து இரண்டாவது வெட்டு வரைக்கும் சேறு ஈரமாக மின்னியது.

"கோல் வெச்சுப் பாத்தேன், ஆத்தா."